பெட்டிக்குக் காது வைத்தபோது

சென்ற மாதம் ஒரு மத்தியானம் மகேஸ்வரி போன் செய்தாள். சங்கரன்கோவிலில் நான் ஓய்வுபெறும்வரை வேலை பார்த்த ஓலைப்பொருள் ஏற்றுமதிக் கம்பெனியில், என் நாற்காலியில் இப்போது இருப்பவள். வெளிநாடு போகும் பெட்டிகளுக்கு அந்தந்த நாட்டு மொழியில் லேபிள் எழுதுவது என் வேலையாக இருந்தது. இப்போது அதைக் கம்ப்யூட்டர் எழுதிவிடுகிறது. மகேஸ்வரி சரிபார்த்து அனுப்பினால் போதும்.

"சார், ஒரு டவுட்டு. நம்ம ஓலைப்பெட்டிக்கு இத்தாலியன்ல 'விமினி'ன்னு வருது. அப்படியே போட்டுரட்டுமா?"

அந்தச் சொல்லை யார் வாயிலிருந்தும் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. பெட்டி எதற்கு என்று கேட்டேன்.

"பச்சப்பிள்ளையப் படுக்க வச்சுத் தூக்கிட்டுப் போறதுக்காம் சார். ரெண்டு பக்கமும் கைப்பிடியா காது வச்சுக் கேட்டிருக்காங்க."

அந்தச் சொல்லைப் போடாதே, காதும் வைக்காதே என்று மட்டும் சொன்னேன். ஏன் சார் என்றாள். போனில் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்று போனை வைத்தேன். எங்கள் ஏற்றுமதியாளர் சங்க மலருக்கு ஏதாவது அனுபவம் எழுதுங்கள் என்று செயலாளரும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே இது இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுவது.

கத்தோலிக்கக் குருவாக வேண்டும் என்று குருமடத்தில் சேர்ந்து, அதற்கு நான் ஆள் இல்லை என்று தெரிந்து வீட்டுக்குத் திரும்பியவன் நான். அங்கே படித்ததில் கையோடு வந்தது லத்தீன் ஒன்றுதான். சங்கரன்கோவிலில் லத்தீனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் சும்மா நடந்துகொண்டிருந்தேன். ஓலைக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

மேனேஜர் தேவசகாயம் அண்ணாச்சி என் சான்றிதழ்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. லத்தீன் தெரிந்தால் இத்தாலிக்காரன் எழுதுவது புரியுமா என்று கேட்டார். பாதி புரியும் என்றேன்.

"பாதி போதும்வே. இங்கன எனக்கு இங்கிலீஷே பாதிதான் புரியுது."

அன்றிலிருந்து நான் அவருக்குச் 'சாமியாரு'. குடோனில் எல்லோருக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் விடவில்லை.

முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அகராதிகள் வாங்கினேன். ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீஸ் மூன்றையும் லத்தீனின் வால் பிடித்துக் கற்றுக்கொண்டேன். பேச வராது. படிக்க வரும். இறக்குமதி செய்பவர்கள் அனுப்பும் ஃபேக்ஸ் தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் எந்த லத்தீன் வீட்டுப் பிள்ளை என்று தேடிப்போவேன். அந்த வேலையில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. மேசையைச் சுற்றிக் குருத்தோலை வாசம். சன்னலுக்கு வெளியே வெயிலில் வெளுத்துக் கிடக்கும் மண். மனசு மட்டும் எங்கேயோ ஓர் ஆற்றங்கரையில் நிற்கும்.

அப்படி நான் வெகு நாள் கூடவே வைத்திருந்த சொல் 'விமென்'. லத்தீனில் விமென் என்றால் விளார். நீண்டு, ஒடியாமல் வளையும் குச்சி. அதிலிருந்து வந்த பெயரடை 'விமினெயுஸ்', விளாரால் ஆன என்று பொருள். ரோமாபுரியின் ஏழு குன்றுகளில் ஒன்றுக்கே இந்த வேரிலிருந்துதான் பெயர். ஒருகாலத்தில் அங்கே விளார்ச்செடிகள் மண்டிக் கிடந்தனவாம். ரோமாபுரி போன பிறகும் சொல் போகவில்லை. இத்தாலியில் விமினி என்று தங்கியது. போர்ச்சுகலில் வால் தேய்ந்து விமெ ஆனது. ஸ்பெயினில் முன்னும் பின்னும் உரசி உரசி மிம்ப்ரே ஆகிவிட்டது. தாயே பார்த்தாலும் அடையாளம் தெரியாது. டீ குடிக்கும்போது இவற்றை ஒவ்வொன்றாக வாய்க்குள் உருட்டிக்கொண்டிருப்பேன். வெற்றிலை போட மாட்டேன், எனக்கு அதுதான் வெற்றிலை.

இங்கே எங்கள் ஊர்ச் சொல்லையும் சொல்லிவிட வேண்டும். ஓலையால் முடைந்தால் அது பெட்டி. வெளியூர்க்காரர்களுக்குப் பெட்டி என்றால் தகரமோ மரமோ ஞாபகம் வரும். எங்களுக்கு ஓலை. விளாரால் முடைந்தால் அது கூடை. பொருள் வேறு, பெயர் வேறு. ஆனால் வேலைக்கு மட்டும் இரண்டுக்கும் ஒரே சொல்: முடைதல்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் பெட்டிக்குக் காது கிடையாது. வாய் வரை நிரப்பித் தலையில் தூக்கி வைப்பார்கள், அல்லது இடுப்பில் இடுக்கிக்கொள்வார்கள். எப்படியானாலும் ஒரு கை அடியில் இருக்கும். இது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. பனவடலிசத்திரத்திலிருந்து மேலநீலிதநல்லூர் வரை எந்தப் பெண்ணிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தாலும் முதலில் அடியில்தான் கை போகும்.

தேவசகாயம் அண்ணாச்சி சரக்குப் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். பெட்டியை முதலில் மோந்து பார்ப்பார். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவர் மூக்குக்குத் தெரியும். பிறகு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்ப்பார். எங்காவது ஓலை இடைவெளியில் சூரியன் தெரிந்தால் அந்தப் பெட்டி ஒருபுறம் போய்விடும். பிறகு கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். நல்ல பாரமான மனுஷன். உட்கார்ந்தபடியே வேறு யாரிடமாவது மழையைப் பற்றிப் பேசுவார். எழுந்த பிறகு பெட்டி தன் உருவத்துக்குத் திரும்பினால் பாஸ். அதற்குப் பிறகு கந்தகப் புகை, வெயில், துணியில் சுற்றிக் கட்டு. திட்டுவது கிடையாது. கழித்த பெட்டியை முடைந்தவளிடமே கொடுத்து, "இது உம் வீட்டுக்கு இருக்கட்டும்" என்பார். அதைவிடத் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பெண்கள் சொல்வார்கள்.

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணமாகி வெகு நாள் பிள்ளை இல்லை. ஸ்டெல்லா ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பேர் கூப்பிட்டே காலம் போகிறது என்று ஒருமுறை சொன்னாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள். பிறகு அமலி பிறந்தாள். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கும் அப்பனாகிவிட்டேன் நான். அமலி தவழத் தொடங்கியிருந்த சமயம்தான் கலீசியாவிலிருந்து அந்த ஆர்டர் வந்தது.

கலீசியா என்பது ஸ்பெயினின் வடமேற்கு மூலை. கடலும் மழையுமான இடம், தனி மொழி. அங்கே குழந்தைச் சாமான்கள் விற்கும் ஒரு பெண்மணி, பெயர் கார்மென், நீளவாக்கில் ஒரு பெட்டியின் படம் வரைந்து அனுப்பியிருந்தார். பச்சைக் குழந்தையை உள்ளே கிடத்தித் தூக்கிச் செல்வதற்கு. வாய்விளிம்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பெரிய காதுகள் வளைந்து மேலே வந்து ஒன்றையொன்று தொடுகின்றன. லேபிளில் அவர்கள் மொழியில் 'விம்பியோ' என்று போட வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அந்த மொழிக்கு என்னிடம் அகராதி இல்லை. ஆனால் சொல்லைப் பார்த்ததும் முகஜாடை தெரிந்துவிட்டது. விமினெயுஸ்! மற்ற ஊர்களில் விமென் என்கிற பெயர்ச்சொல்லின் பிள்ளைகள் இருக்க, இந்த மழைநாட்டு மூலையில் பெயரடையே உயிரோடு இருக்கிறது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். லத்தீன் அகராதியை எடுத்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் பொருள் இருந்தது. அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் அகராதியில் பார்த்தால், 'முடைந்த'. விளார் என்று எனக்கே தெரிந்திருந்ததைச் சந்தோஷத்தில் மறந்து அதையே பிடித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி கேட்டார், "என்னவே சாமியாரு, என்ன போட்டிருக்கா அந்தம்மா?"

முடைந்த பெட்டி என்று அர்த்தம் அண்ணாச்சி என்றேன்.

"நம்ம பெட்டியும் முடைஞ்சதுதானவே. பெறகென்ன."

குடோனில் யாருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை. அந்தச் சொல் வேலையைச் சொல்கிறது, வேலையைத்தான் நாம் செய்கிறோம் என்று நினைத்தோம். மாதிரி முடைய வந்தவர்களில் பேச்சியம்மாள் மூத்தவள், பேக்கிங்கும் அவள் பார்வையில்தான் நடக்கும். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பெட்டிக்குக் காதா? அப்ப கம்மலும் நாமதான் போடணுமா சார்?"

ஓலையைக் கயிறு போலத் திரித்து, உள்ளே பனைநார் வைத்துக் காது செய்தார்கள். விளிம்பில் நாராலேயே தைத்தார்கள். படத்தில் இருந்தபடியே அச்சாக வந்தது. அண்ணாச்சி வழக்கமான பரீட்சையோடு நிறுத்தவில்லை. பெட்டி நிறைய ஈரமணல் ரொப்பி, காதைப் பிடித்து இரும்புக் கொக்கியில் தொங்கவிட்டார். ஒரு நாள் முழுக்கத் தொங்கியது. மறுநாள் காலையில் இறக்கி, காதைத் தடவிப் பார்த்து, மணலைக் கொட்டச் சொன்னார். அந்த வருஷம் மானாவாரிக் காடெல்லாம் பொய்த்துக் கிடந்தது. இளையரசனேந்தல் பக்கத்திலிருந்துகூடப் பெண்கள் பெட்டி முடையக் கேட்டு வந்தார்கள். ஆர்டர் பெரியது. எல்லோருக்கும் வேலை இருந்தது.

முதல் லோடு தூத்துக்குடிக்குப் புறப்பட்ட காலையில்தான் போட்டோ எடுத்தோம். விளம்பரப் புத்தகத்துக்கு, உள்ளே குழந்தையோடு ஒரு தாய் பெட்டியைத் தூக்கி வருவதுபோல் வேண்டும் என்று கார்மென் கேட்டிருந்தார். கம்பெனியில் கைக்குழந்தை உள்ளவன் நான் ஒருவன்தான்.

"உம்ம வீட்டம்மாவக் கூட்டிட்டு வாரும். உம்ம மவ படம் கப்பலேறட்டும்" என்றார் அண்ணாச்சி.

ஸ்டெல்லா அரைநாள் லீவு போட்டு வந்தாள். தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். வெள்ளைத்துணி விரித்த பெட்டியில் அமலியைக் கிடத்தினோம். மேலே குடோன் தகரத்தில் எங்கோ ஓட்டை. அதன் வழியே வந்த வெயில் அவள் வயிற்றில் ஒரு காசு போலக் கிடந்தது. அவள் அதைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியை இப்போதும் நான் கனவில் காண்பதுண்டு. கனவில் அது அங்கேயே நின்றுவிடும்.

ஸ்டெல்லா இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். உடனே பேச்சியம்மாள் பக்கத்தில் வந்து அடியில் கை கொடுத்தாள்.

போட்டோக்காரர், "அக்கா, கைய எடுங்க. படத்துல கை விழுது" என்றார்.

"விழட்டுமே. எங் கை என்ன அசிங்கமாவா இருக்கு?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சி கண் காட்டியதும் அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஒரு படம் எடுத்தார். அடுத்தது நடந்து வருவதுபோல் வேண்டும் என்றார்.

"நடக்கதுன்னா நான் கையக் குடுப்பேன். நீரு மேல மட்டும் படம் புடியும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் குனிந்தபடி கூடவே வந்தாள்.

நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். அமலி என்னைப் பார்த்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் இரண்டு காலையும் உதைத்து, என்னிடம் வர எழும்பினாள்.

ஒரு சத்தம் கேட்டது. துணிக்கடையில் துணி கிழிப்பார்களே, அந்தச் சத்தம். ஸ்டெல்லாவின் கையில் காது அப்படியே இருந்தது; பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வாயைத் திறந்துகொண்டு கீழே போயிற்று. வெள்ளைத்துணி சரிந்தது. அமலி அந்தத் துணியோடு மெதுவாக, மிக மெதுவாக வழுக்கி வந்தாள். அவ்வளவு மெதுவாக இருந்தும் என்னால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. பேச்சியம்மாளின் கை அங்கே இருந்தது. குழந்தை அவள் முழங்கையில் விழ, அவள் குழந்தையைச் சேர்த்துப் பிடித்தபடி ஓலைக்கட்டின் மேல் சாய்ந்தாள். கீழே சிமெண்டுத் தரை.

அமலி உடனே அழவில்லை. அந்த இடைவெளி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவள் வளர்ந்து படித்து, பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகும் அந்த இடைவெளிக்குள் சில நேரம் நான் போய் நின்றுவிடுகிறேன். பிறகு வீறிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அமலியின் காதையும் தலையையும் தடவிப் பார்த்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, காது மடலில் சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை என்றார். ஸ்டெல்லா குழந்தையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "இதே பெட்டி எத்தன போயிருக்கு?" என்று கேட்டாள். அப்போதுதான் காலையில் சரக்கோடு புறப்பட்ட லாரி என் ஞாபகத்துக்கு வந்தது.

நான் குடோனுக்கு ஓடினேன். அண்ணாச்சி தனியாக இருந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார். மிச்சமிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மணல் ரொப்பி, காதைப் பிடித்துத் தூக்கி, ஒரு குழந்தை உதைப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி வாய் கிழிந்த பெட்டிகள். காலடியெல்லாம் மணல்.

லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"ஏன் அண்ணாச்சி? நாலு பிள்ள விழுந்த பெறகு சொல்லவா?"

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை.

"மண்ணு சும்மா கெடக்கும்வே. பிள்ள கெடக்காது. அது எனக்குப் புத்தியில ஏறல்ல." கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். "ஆனா ஒண்ணு கேக்கேன். அந்தம்மா ஊருல இதே படத்துலதான பிள்ளையத் தூக்குதாவ? அங்கன மட்டும் ஏன் கிழியல்ல? அதக் கேளும் மொதல்ல. கேக்காம நிப்பாட்டுனா நாளைக்கு அவ கிட்டயும் பதில் இல்ல, முடைஞ்சவளுவ கிட்டயும் பதில் இல்ல."

கலீசியாவுக்கு டிரங்க் லைன் கிடைத்தபோது அங்கே காலை நேரம். கார்மெனின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் தடுமாறித் தடுமாறி நடந்தன. காது எப்படிப் பிய்ந்தது என்று எனக்குச் சொல்ல வரவில்லை. கடைசியில் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டேன். விம்பியோ என்றால் என்ன என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். விம்பியோ என்றால் விம்பியோதான் என்றார்.

முடைந்தது என்று அர்த்தமா என்று கேட்டேன்.

"முடைந்ததா? இல்லையே. அது எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் நிற்கிறது. சன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டுதான் உங்களோடு பேசுகிறேன். இப்போது மழையில் நனைகிறது."

ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் பெய்யும் அந்த மழை போனில் கேட்பது போல் இருந்தது. விளாரால் ஆன என்று ஒருகாலத்தில் சொன்ன பெயரடை, ஆன என்பதை எங்கேயோ வழியில் உதறிவிட்டு, விளாராகவே, அந்த மரமாகவே ஆகிவிட்டது. கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த வில்லோ இனத்துச் செடி. வேலையைச் சொல்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்ட சொல் பொருளைச் சொல்கிறது. அவர் எங்களிடம் கேட்டது கூடை. நாங்கள் முடைந்தது பெட்டி.

பிறகு அவர் சொன்னதெல்லாம் எளிதாகப் புரிந்தது. விம்பியோக் கூடையில் காது விளிம்பில் தொடங்குவதில்லை. ஒரே விளார் ஒரு பக்கக் காதிலிருந்து இறங்கி, பின்னலுக்குள் மறைந்து, அடி வழியாக ஓடி மறுபக்கம் ஏறி வருகிறது. படத்தில் அது தெரியாது. அவர்கள் ஊரில் வரைந்து காட்ட வேண்டியதும் இல்லை. பெயரைச் சொன்னாலே தெரியும். குழந்தையைத் தாங்குவது அடியில் ஓடும் அந்த விளார்.

எங்கள் பெட்டி ஓலை, அதில் காது தாங்காது என்றேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கார்மென் கேட்டார். குழந்தை விழுந்தது என்றேன். யாருடைய குழந்தை என்றார். என் மகள் என்றேன். அவர் தன் மொழியில் ஏதோ ஒரு சொல் சொன்னார். அதை மட்டும் நான் எந்த அகராதியிலும் தேடியதில்லை.

நடந்ததை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார்.

"அடியில கை குடுக்கது அவங்க ஊருல குச்சிக்குத் தெரியுது. நம்ம ஊருல மனுசிக்குத்தான் தெரியுது. இல்லவே?" என்றார். பிறகு, "திருப்பச் சொல்லும். ஒரு பெட்டிகூடக் கடல் தாண்டக் கூடாது."

துறைமுகத்தில் எங்கள் சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடும் ஏஜென்டின் லைன் கிடைக்கவே இல்லை. அன்று சாயங்காலம் கண்டெய்னரை மூடிவிடுவார்கள். மூடி சீல் வைத்துவிட்டால் அந்தப் பெட்டிகள் யார் யாருடைய வீட்டுக்கோ போய்விடும். டயலைச் சுற்றிச் சுற்றி என் விரல் மரத்துப்போயிற்று. அண்ணாச்சி எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஜெபம் செய்தாரோ, லாரி எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று மனசுக்குள் ஊர் ஊராக எண்ணினாரோ தெரியாது. கடைசியில் ஒருவர் எடுத்தார். லாரி துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிறது என்றார். உள்ளே விடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள் என்று நான் கத்திய கத்தலில் தெருவிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

பெட்டிகள் என்ன ஆயின என்று மகேஸ்வரி கேட்பாள். கார்மென் ஆர்டரை ரத்து செய்யவில்லை. காது இல்லாமல், குழந்தைத்துணி போட்டு வைக்க அனுப்புங்கள், லேபிளில் உண்மையான பொருளை எழுதுங்கள் என்றார். 'பால்மா' என்று எழுதினேன். பனை இனத்துக்கு லத்தீனில் அதுதான் பெயர், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இன்றுவரை ஓர் எழுத்துத் தேயாமல் இருக்கிறது. விரித்த உள்ளங்கைக்கும் அதே சொல்தான். மகேஸ்வரி, நீயும் அதையே போடு. குழந்தைக்கு என்று கேட்டால் முடியாது என்று எழுதிவிடு. முடைந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் விமினி என்றுதான் சொல்லும். நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

திரும்பி வந்த பெட்டிகளைக் குடோனில் இறக்கி, காதுகளை வெட்டி எடுக்க உட்கார்ந்தோம். முடைந்த பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொரு தையலாக நாரை அறுத்து, விளிம்பு சேதமாகாமல் காதை உருவ வேண்டும். குடோன் முழுக்கக் கத்தரிக்கோல் சத்தம். காதுகள் ஒருபுறம் குவிந்துகொண்டே இருந்தன.

மத்தியானத்துக்கு மேல் ஸ்டெல்லா வந்தாள். இனிமேல் அந்தக் குடோன் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லியிருந்தவள். பேச்சியம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்த அமலியை இறக்கி முன்னால் விட்டாள். ஒரு கத்தரிக்கோலை எடுத்து, ஒரு பெட்டியை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

அமலி நேராகக் காதுக் குவியலுக்குத் தவழ்ந்து போனாள். ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். அண்ணாச்சி எழுந்துபோய் அவள் முன்னால் குந்தினார். யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கம் இல்லை. அவள் வாயிலிருந்து அந்தக் காதை மெல்ல எடுத்துவிட்டு, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"இத வச்சுக்க மக்கா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியல்ல."

ஸ்டெல்லா தலை நிமிரவில்லை. ஆனால் அவள் கத்தரிக்கோல் சற்று நின்று, பிறகு மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அன்று பொழுது சாய்கிறவரை அமலியை யாரும் தூக்கவில்லை. கண்ணாடியை ஒரு கையில் இழுத்துக்கொண்டு, பெட்டிகளுக்கு இடையில், தானாகவே குடோன் முழுக்கத் தவழ்ந்து வந்தாள்.